லாகோஸிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எவ்வளவு நேரம்

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், பக்கத்துக் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்திவிட்டு, எங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். கேக் வெட்டுகிற இடத்தில் சொல்லக்கூடிய வார்த்தை எதுவும் அன்றைக்கு என்னிடம் இல்லை. பொறுமையாக இருங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்று எதையோ உளறிவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். சிரித்த முகத்தோடு படிக்க வேண்டியதில்லை.

டிக்கெட் போடுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைக் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் செய்கிறது. கவுண்டருக்கு வருகிறவர்கள் கேட்கும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் சொல்கிறேன். அங்கேயிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வி. இதைவிடச் சுலபமான கேள்வி நம் தொழிலில் இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிரிக்கா ஒன்றும் தூர தேசம் இல்லை. இங்கே நூல் மில்லில் பழகிய கைக்கு அங்கே மதிப்பு உண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஸ்பின்னிங் மாஸ்டர் என்று தெருவுக்கு ஒருவர் போயிருப்பார். ஆனால் இங்கே இருப்பவர்களுக்கு அது ஒரே ஊர். பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற ஒருவர் ஒருமுறை வந்தார். காலையில் லாகோஸில் ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டும், சாயங்காலம் அடிஸ் அபாபாவில் இன்னொரு பார்ட்டி, அதற்குத் தோதாக டிக்கெட் போடு என்றார். இரண்டும் ஆப்பிரிக்காதானே, மதுரைக்குப் போய்விட்டு விருதுநகர் வழியாகத் திரும்புவது போலத்தானே என்று அவர் நினைப்பு. இரண்டுக்கும் நடுவே நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குப் பறந்தாலும் இதில் முக்கால் பங்குதான் வரும் என்று சொன்னேன். நான் டிக்கெட்டுக்கு விலை ஏற்றப் பார்க்கிறேன் என்று சந்தேகப்பட்டு வேறு கடையில் விசாரித்துவிட்டு வந்தார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டிக்கெட்டில் லாகோஸில் ஏறும் நேரம் மதியம் ஒன்றரை, அடிஸ் அபாபாவில் இறங்கும் நேரம் இரவு எட்டரை என்று இருக்கும். ஏழு மணி நேரம் என்று விரலை மடக்கி எண்ணிவிடுவார்கள். ஆனால் ஏறுவது லாகோஸ் கடிகாரம், இறங்குவது அடிஸ் அபாபா கடிகாரம். இரண்டுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம். பறப்பது ஐந்து மணி நேரம்தான். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. தூரமும் நேரமும் சரியாகச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது என்று இருந்தேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு விஷயத்தை மட்டும் மண்டையில் அடித்துச் சொல்லியிருந்தார். எந்த நேரத்தைச் சொன்னாலும் கூடவே கொஞ்சம் சந்தேகத்தையும் சொல்லிவிடு, உறுதி என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதே, அப்போதுதான் நாளைக்கு நம் தலை உருளாது என்பார். கவுண்டருக்கு அது நல்ல பாடம். அதைக் கவுண்டரோடு விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

செல்வராஜ் எங்களுக்குப் பழைய கஸ்டமர். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்து மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு லாகோஸுக்கு வெளியே ஒரு நூல் மில்லுக்குப் போனவர். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அன்றோடு அவருடைய அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். ஊருக்கு வந்தால் இங்கே ராஜபாளையத்தில் மாமனார் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர்தான். அந்தப் பதினோரு கிலோமீட்டருக்கு மட்டும் அவருக்கு வழி இல்லாமல் இருந்தது.

ஒரு வருடம் ஆனி பிறக்கும் முன்பே லாகோஸிலிருந்து போன் செய்தார். ஆடிப்பூரத்துக்கு ஊரில் இருக்கும்படி டிக்கெட் வேண்டும் என்றார். குரலே வேறு மாதிரி இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"எங்கப்பா பேசிட்டாருக்கா. அவரே போன் போட்டாரு. 'ஏலே, இந்த வருசம் ஆண்டாள் தேருக்கு வா, வடத்துல நீயும் ஒரு கை பிடி'ன்னாரு. வேற ஒண்ணும் பேசல. வச்சிட்டாரு."

டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். எத்தனையோ ஆயிரம் டிக்கெட் போட்டிருக்கிறேன், மனசு நிறைந்து போட்டது அது ஒன்றுதான்.

அந்த அப்பா ஆனி மாதத்திலேயே ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார்.

நான் கடையைத் திறக்கும்போதே செல்வராஜின் தம்பி கணேசன் வாசலில் நின்றிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். கஸ்டமரை மரியாதை இல்லாமல் எழுதக் கூடாது என்று உங்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். இவனுக்கு மட்டும் எனக்கு 'ர்' விகுதி வரவில்லை. ஆடிப்பூரத்து டிக்கெட்டை இன்றைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டான். கண் சிவந்திருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. உடனே லாகோஸுக்குப் பேசி, டிக்கெட்டை மாற்றினேன். மதியம் லாகோஸில் ஏறினால் இரவு அடிஸ் அபாபா. அங்கே அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி. அதைப் பிடித்துவிட்டால் வெள்ளி காலையில் மும்பை, மதியம் மதுரை. அங்கிருந்து கார். வெள்ளிக்கிழமை நாலரை, ஐந்துக்குள் வீட்டு வாசலில் இருக்கலாம்.

செல்வராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அடிஸ் அபாபாவில் இறங்கியதும் ஓடுங்கள், யாரோடும் நின்று பேசாதீர்கள், அதை விட்டால் அடுத்தது சனிக்கிழமைதான் என்றேன். சரிக்கா, சரிக்கா என்று மட்டும் சொன்னார்.

கணேசன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். லாகோஸுக்கும் அடிஸ் அபாபாவுக்கும் எவ்வளவு தூரம் என்றான். எவ்வளவு நேரம் பறக்கும் என்றான். லேட்டானால் என்ன ஆகும், அடிஸ் அபாபாவில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். அண்ணன் வந்து சேர வேண்டுமே என்ற பதைப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகு அவனே, நான் சொன்னால் பெரியப்பா நம்பமாட்டார், நீங்களே ஒரு எட்டு வந்து சொல்லிவிடுங்கள் அக்கா என்று கூப்பிட்டான். துட்டி வீட்டில் துக்கம் கேட்டது போலவும் ஆயிற்று என்று அவனோடு காரில் கிளம்பினேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளைய மகன். செல்வராஜ் அத்தனை அவசரமாகக் கிளம்பியது அதற்காகத்தான். பேசாமல் இருந்த வருடங்களுக்கெல்லாம் சேர்த்து அப்பாவுக்கு அவர் செய்யக் கூடியது இனி அது ஒன்றுதான்.

பந்தலில் பிளாஸ்டிக் சேர்கள் நிறைந்திருந்தன. இறந்தவரின் அண்ணன், எல்லோருக்கும் பெரியப்பா, நடுவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள். நான் உட்காருவதற்கு முன்பே பெரியப்பா என்னை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நீதான டிக்கெட் போட்டது? அவன் நாளைக்குப் பொழுது அடையுமுன்ன வந்துருவானா?"

அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. வந்துவிடுவார், நாலரை மணி வாக்கில் வந்துவிடுவார் என்று சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பழகிய வாய், மூடவில்லை. அடிஸ் அபாபாவில் அடுத்த விமானத்தைப் பிடிக்கிற நேரம் கொஞ்சம் கம்மி, அதைத் தவறவிட்டால் மட்டும் சனிக்கிழமை ஆகிவிடும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப உறுதி இல்ல."

"உறுதின்னு சொல்ல முடியாது. ஆனா வந்துருவாரு."

"கேட்டீகளாப்பா?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "டிக்கெட் போட்ட பிள்ளையே உறுதி இல்லங்குது."

அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. சனிக்கிழமைப் பிணம் துணைக்கு இன்னொரு உயிரைக் கூப்பிடும் என்று ஒரு பயம் இங்கே உண்டல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை எடுக்கவே கூடாது, வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு எமகண்டம், அதனால் இரண்டு மணிக்கெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு போயிற்று. துட்டிக்கு எமகண்டம் பார்த்து நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அந்த எமகண்டமும் நாலரைக்கு முடிந்துவிடும், ஆனி மாதத்தில் பொழுது அடைய ஆறரை ஆகும், நடுவே இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்றேன்.

உள்ளேயிருந்து செல்வராஜின் அம்மா குரல் கேட்டது.

"சனிக்கெழமன்னா ஒரு கோழியக் கட்டி எடுங்களேன். ஊர்ல யாரும் எடுத்ததே இல்லையா? எம் மூத்தவன் வாரான்லா."

அவர் சொன்னது ஊரறிந்த பரிகாரம்தான். பாடையில் உயிர்க்கோழி ஒன்றைக் கட்டிவிட்டால் சனிக்கிழமை தோஷம் போய்விடும் என்று எல்லோரும் செய்வதுதான். அடிஸ் அபாபாவில் விமானம் தவறினாலும் மகன் வந்து சேரலாம், அதற்கு ஒரு கோழி போதும். பெரியப்பா தலையைக் குனிந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கணேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு மணி என்பது அப்படியே நின்றது.

மறுநாள் காலை கவுண்டரில் என்னால் எந்த வேலையும் பார்க்க முடியவில்லை. மும்பையிலிருந்து செல்வராஜ் போன் செய்தார்.

"ஓடிட்டேன்க்கா. கதவு மூடப் போறப்ப போய்ச் சேந்தேன். மும்பை வந்தாச்சு, மதுரை பிளைட்டுக்கு உக்காந்திருக்கேன். தம்பி போன எடுக்க மாட்டேங்கான். நீங்க சொல்லிருங்க."

இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படியும் நிறுத்திவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. கணேசனுக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். கடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஊர் எல்லையில் மடவார் வளாகம் தாண்டும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது. தெருமுனையில் இறங்கி ஓடினேன். நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பாடையைத் தூக்க ஆள் நின்றுகொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் போய் நின்றேன். அடிஸ் அபாபா தாண்டியாகிவிட்டது, மும்பை தாண்டியாகிவிட்டது, மதுரை விமானத்தில் ஏறியிருப்பார், இனி எந்தச் சந்தேகமும் இல்லை, நாலரைக்கு இங்கே நிற்பார் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நேத்து நீதானம்மா உறுதி இல்லன்ன. ஏறியிருந்தா எறங்கட்டும். எறங்குன பொறவு வந்து சொல்லு."

கொட்டு மறுபடியும் ஆரம்பித்தது. கணேசன் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். ஆண்கள் போனார்கள். நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பந்தல் போட்டவர் எனக்குத் தெரிந்தவர். அவர் மகனுக்கு நான்தான் துபாய் டிக்கெட் போட்டேன். நான் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். நீங்கள் எதற்கு இப்படி அடித்துப்பிடித்து வந்தீர்கள் என்று கேட்டார். நேற்று நீங்கள் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, விடிந்ததும் பந்தலுக்குச் சொல்லும்போதே, கொட்டுக்குச் சொல்லும்போதே, வெள்ளிக்கிழமை இரண்டு மணி என்றுதான் சொன்னார்கள் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டியவன் கையால் கொள்ளி கூடாது என்று அவர்கள் விடியும்போதே முடிவு செய்திருக்கிறார்கள். அதை ஊர் நடுவில் தங்கள் வாயால் சொல்ல தைரியம் இல்லை. செத்துப் போனவரே மகனைத் தேருக்குக் கூப்பிட்டவர், அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னைக் காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது லாகோஸிலிருந்து வர எவ்வளவு நேரம் என்ற பதில் அல்ல. அந்தப் பதிலில் ஒட்டிக்கொண்டிருந்த சந்தேகம். அதை வெளியூர்க்காரி ஒருத்தி, படித்தவள், டிக்கெட் போட்டவள் வாயால் எல்லோரும் கேட்க வேண்டும். கேட்டார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் கேட்டால், மூத்தவன் வருவது உறுதி இல்லை என்று டிராவல்ஸ்காரம்மாவே சொல்லிவிட்டாள், அதனால்தான் எடுத்தோம் என்றுதான் சொல்வார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒரே சந்தேகத்தைத்தான் நான் இரண்டு இடத்தில் சொன்னேன். பயணம் போகிறவரிடம் சொன்னேன், அவர் ஓடினார். காத்திருக்க வேண்டியவர்களிடம் சொன்னேன், அவர்கள் காத்திருப்பதை நிறுத்திக்கொண்டார்கள். சந்தேகத்தை ஓடப் போகிறவரிடம் மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களிடம் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிறகு பிசகிப்போனால் திட்டட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். ஒரு கேள்வியையே நாலு முறை கேட்கிறவன் கவலையில்தான் கேட்கிறான் என்றும் நினைத்துவிடாதீர்கள். எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

செல்வராஜ் நாலு நாற்பதுக்கு வந்தார். அதுவரை நான் அவருடைய அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என் கையை விடவே இல்லை. கார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். பாடை போனதும் வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். தண்ணீர் படியிறங்கித் தெருவரைக்கும் ஓடி, பந்தல் நிழலில் இன்னும் காயாமல் கிடந்தது. கைப்பையோடு இறங்கியவர் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். வேறு யாரும் அவருக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்க சொன்ன நேரத்துக்கு வந்துட்டேனேக்கா" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் இருக்கவில்லை. அதற்கு முன்பே ஒரு நாள் எங்கள் கவுண்டருக்கு வந்து, திரும்பிப் போகும் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொன்னார். ஆடிப்பூரம் இன்னும் கொஞ்ச நாள்தானே, துட்டி வீடு என்றாலும் அப்பா கூப்பிட்ட தேராயிற்றே, ஒரு கை பிடித்துவிட்டுப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். சரி, அம்மாவுக்காகவாவது அடிக்கடி வாருங்கள், எந்த நேரம் ஆனாலும் எனக்குப் போன் செய்யுங்கள், எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அழவில்லை. என் மேஜைமேல் இருந்த உலகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு எளையவந்தானக்கா கொள்ளி வைக்கணும். அப்பா ஒருத்தருக்குத்தான் நான். இனிமே நான் அவசரமா வாரதுக்கு ஒண்ணும் இல்ல."

டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எங்கே மாற வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் எதையும் கேட்கவில்லை.